வேலைக்கு ஒரு சைக்கிள், போட்டிக்கு ஒரு சைக்கிள்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். தைப்பூசத்தன்று பினாங்குத் தீவின் தண்ணீர்மலையில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்தக் கூட்டத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "தினமும் வேலைக்குச் சைக்கிளில்தானே போகிறாய், அது போதாதா? ஞாயிற்றுக்கிழமையும் விடியுமுன் எழுந்து தீவைச் சுற்ற வேண்டுமா?" என்றீர்கள். சித்தி அதையே வாட்ஸ்அப்பிலும் கேட்டிருப்பதால், இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் ராலே சைக்கிளை மிதித்தவர் நீங்கள். சும்மா களைத்துப்போவதற்காக ஒருவன் பணம் கட்டி, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறான் என்றால் உங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். போட்டிக் கட்டணம் அதிகம் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வேலைக்கு ஓட்டுவதும் போட்டிக்காக ஓட்டுவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே கெடும் என்பதுதான் இத்தனை ஆண்டுகளில் எனக்குப் புரிந்திருப்பது.

முதலில் வேலைக்குப் போகும் வழியைச் சொல்கிறேன். நீங்கள் பயப்படுவதுபோல் நான் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தில் ஓட்டுவதில்லை. 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்திலும் சரி, 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலத்திலும் சரி, சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. பட்டர்வொர்த்திலிருந்து சைக்கிளோடு தீவுக்குப் போக வேண்டுமென்றால் பெர்ரிப் படகுதான். நீங்கள் காரை ஏற்றிக்கொண்டு வந்த பழைய பெர்ரி அல்ல இது. 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புதிய பெர்ரிகளில் நடந்து வருபவர்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமே இடம். மழை பெய்த காலையில் அந்த இரும்புச் சரிவுப்பலகை வழுக்கும் என்பதால், நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் ஏறுவேன். கரை சேர்ந்ததும் வெல்ட் கீயிலிருந்து தெற்கே திரும்பி, ஜெலுத்தோங் வழியாகக் கடலோரமாகவே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பகுதிவரை போக வேண்டும்.

இதில் பயிற்சி இல்லையா என்பீர்கள். இருக்கிறது, ஆனால் நமக்கு வேண்டிய பயிற்சி அது அல்ல. நீண்ட தூரப் போட்டிக்குத் தயாராகும் உடல் பெரும்பாலான நேரம், பேசினால் மூச்சு வாங்காத அளவுக்கு மெதுவாக, இடைவிடாமல் உழைக்க வேண்டும். மிச்சமுள்ள கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே கடுமையாக உழைக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியிலோ, சிக்னலில் நிற்கிறோம், பச்சை விழுந்ததும் பின்னால் லாரி வருகிறதே என்று வேகமாக மிதிக்கிறோம், அடுத்த சிக்னலில் மறுபடி நிற்கிறோம். மெதுவும் இல்லாமல் கடுமையும் இல்லாமல் நடுவில் ஒரு களைப்பு வந்து சேரும். அந்தக் களைப்போடு மாலையில் நீச்சல் குளத்துக்குப் போனால் கை எழாது. போதாக்குறைக்கு நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் வியர்வை எளிதில் காய்வதில்லை, அதனால் உடம்புச் சூடு இறங்குவதில்லை. அதே வேகத்தில் போனாலும் நேரம் ஆக ஆக இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் வேலைக்குப் போகும்போது நான் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுகிறேன். ஒரு பெர்ரி தவறினால் அடுத்தது வரும்.

சைக்கிளும் வேறு. வேலைக்குப் போவது பழைய இரும்புச் சட்டம், அகலமான டயர், மட்கார்ட், பின்னால் பை மாட்டும் கேரியர், பகலிலும் எரியும் பின்விளக்கு. ஜார்ஜ்டவுன் பழைய தெருக்களில் சில வடிகால் மூடிகளின் இரும்புக் கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீள்கின்றன. மெல்லிய டயர் அந்த இடைவெளியில் இறங்கினால் ஆள் கைப்பிடிக்கு மேலே பறக்க வேண்டியதுதான். போட்டிச் சைக்கிளில் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து பிடிக்க நடுவில் இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இது எதற்கு, மாட்டுக் கொம்பு மாதிரி?" என்றீர்கள். காற்றுத் தடையைக் குறைப்பதற்கு. ஆனால் கைகள் அங்கே இருக்கும்போது பிரேக் எட்டாது; அது வெளிப்புறக் கைப்பிடியில் இருக்கிறது. திடீரென்று ஒரு காரின் கதவு திறக்கும் சாலையில் அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறவரைத் துணிச்சல்காரர் என்று நான் சொல்ல மாட்டேன்.

அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பகாங் போய், அணைக்கட்டைத் தாண்டி மேடேறி, தித்தி கெராவாங் வளைவுகளில் இறங்கி, பாலிக் பூலாவில் பசியாறிவிட்டுப் பாயான் லெப்பாஸ் பக்கமாகத் திரும்பினால் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அந்த மேட்டில் சிக்னல் இல்லை, நிற்கச் சொல்ல யாரும் இல்லை. ஒரே சீராக மிதிக்கலாம். வீட்டுக்கு வந்தவுடன் உட்காராமல் காலணியை மாற்றிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துச் சித்தி சிரித்தாராம். சைக்கிளை விட்டு இறங்கிய கால்கள் முதல் சில நிமிடங்கள் மரக்கட்டைபோல் இருக்கும். போட்டியில் அதே கால்களோடுதான் ஓட வேண்டும் என்பதால் அதையும் பழக்கத்தானே வேண்டும். டுரியான் காலத்தில் பாலிக் பூலா சாலை கார்களால் நிரம்பிவிடுவதால் அந்த வாரங்களில் மட்டும் வேறு வழி பார்க்கிறேன்.

அப்படியென்றால் வேலைக்கு மோட்டார் சைக்கிளிலேயே போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பெட்ரோல், பார்க்கிங் மிச்சம் என்பது ஒரு பக்கம். மழையில் பஞ்சரான டியூபை மாற்றுவது, கடற்காற்றில் துருப்பிடிக்கும் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுவது, பின்னால் வரும் வண்டியின் சத்தத்தை வைத்தே அது எவ்வளவு அருகில் வருகிறது என்று அறிவது, இவையெல்லாம் எனக்கு வேலைக்குப் போய் வந்ததில்தான் கைவந்தன. ஆயிரக்கணக்கில் ரிங்கிட் போட்டுச் சைக்கிள் வாங்கிவிட்டு டயர் மாற்றத் தெரியாமல் சாலையோரத்தில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டு நான் பெயர் கொடுத்திருப்பது ஒலிம்பிக் தூரத்துக்கு மட்டும்: 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். 2000-இல் சிட்னியில் டிரையத்லானை முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்த்தபோது வைத்த தூரம் இதுவே. லங்காவியில் நடக்கும், இதே வரிசையில் 3.8, 180, 42.2 கிலோமீட்டர் கொண்ட அயர்ன்மேன் போட்டியைப் பற்றிச் சித்தி கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலையும் குடும்பமும் இருக்கும்போது அதற்கான நேரம் என்னிடம் இல்லை.

போட்டிக்கு முந்திய இரண்டு வாரங்கள் பயிற்சியைக் குறைத்துவிடுவேன். அப்போதும் வேலைக்குச் சைக்கிள்தான், இன்னும் மெதுவாக. நீங்களும் சித்தியும் அந்த வாரங்களில் வருவதாக இருந்தால் மாலையில் எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகிறேன். மற்ற வாரங்களில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதினொரு மணிக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முன் வந்தால் கதவு பூட்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்
பட்டர்வொர்த்