முகப்பு லேபிளில் இருக்கும் ரை பாட்டிலுக்குள் இல்லை: ஒரு புகார்

வணக்கம்.

போன மாதம் பெங்களூரு இந்திரா நகர் எம்ஆர்பி மதுக்கடையில் உங்கள் ரை விஸ்கி, அதாவது ரை என்ற தானியத்தில் வடித்த விஸ்கி, ஒரு பாட்டில் வாங்கினேன். ஒன்றரை வருடம் முன்னால் இதே விஸ்கியை ஒருமுறை வாங்கியிருக்கிறேன். பெயர் அதேதான், லேபிளின் நிறமும் அதேதான், முகப்பில் பெரிய எழுத்தில் 'ரை மிகுந்தது' என்று போட்டிருப்பதும் அப்படியே இருக்கிறது. உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் வேறு. இதை நீங்கள் வாங்குகிறவர்களுக்குச் சொல்லவில்லை, அதுதான் என் புகார்.

முதல் பாட்டிலை நான் வாங்கியதே உங்கள் டிஸ்டில்லரியைச் சுற்றிப் பார்த்த பிறகுதான். எங்களை அழைத்துப்போன ஓசூர்க்காரத் தம்பி, நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் எல்லாவற்றையும் தமிழிலேயே விளக்கினார். ஏதாவது எழுதணும்னா தமிழிலேயே எழுதுங்கண்ணா, நான் படிச்சுச் சொல்லிடறேன் என்று சொன்னவரும் அவர்தான், அதனால்தான் இந்தக் கடிதம் தமிழில். ஊறல் தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு நீளக் கரண்டியால் அள்ளிக் காட்டினார். கேழ்வரகுக் கூழ் மாதிரி கெட்டியாக, கரண்டியை விட்டு விழாமல் நூல் நூலாக இழுத்துக்கொண்டு இருந்தது. பார்லிக்கு உமி உண்டு, வடிகட்டும்போது அந்த உமியே சல்லடையாக நிற்கும், ரைக்கு உமி கிடையாது, போதாக்குறைக்கு அதில் இருக்கும் பசை தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், நுரை வேறு பொங்கித் தொட்டிக்கு வெளியே வந்துவிடும், ராத்திரியெல்லாம் ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்கணும் என்றார். தானியமும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியது. இவ்வளவு பாடுபட்டு ஒரு சின்ன இடம் இதைச் செய்கிறதே என்றுதான் யோசிக்காமல் 3,900 ரூபாய் கொடுத்தேன். கொடுத்ததற்கு ஒருநாளும் வருத்தப்படவில்லை.

அந்த முதல் பாட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களிடம் இப்போது அதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாக்கு நுனியில் லேசான இனிப்பு, விழுங்கியதும் தொண்டையில் மிளகு, அது கொஞ்சம் அடங்கும்போது சுக்கும் கிராம்பும், எல்லாம் போன பிறகு புதினாவைக் கசக்கி முகர்ந்த மாதிரி ஒரு குளிர்ச்சி. காலையில் கழுவ எடுத்த காலி கிளாஸில்கூட ஓம வாசனையும் ரொட்டி ஓரம் கருகின வாசனையும் இருக்கும். ரை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தக் காலி கிளாஸில்தான்.

அதில் அரைக்கால் பாட்டிலை என் மச்சானுக்காக மிச்சம் வைத்திருந்தேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், அங்கே டாஸ்மாக்கைத் தவிர வேறு கடை கிடையாது, இந்த மாதிரிச் சின்ன டிஸ்டில்லரிச் சரக்கு அங்கே வரவே வராது. அவர் வருகிறார் என்றுதான் இரண்டாவது பாட்டிலையும் வாங்கினேன், இந்த முறை 4,200. இரண்டு கிளாஸில் ஊற்றி, எது எது என்று சொல்லாமல் அவர் முன்னால் வைத்தேன். அவருக்கு விஸ்கியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. முகர்ந்து பார்த்து, ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "இது மிளகு ரசமாட்ட ஏறுதுங்க மாப்ளே. அது சும்மா பாகுத் தண்ணி." பாகுத் தண்ணி என்று அவர் தள்ளி வைத்தது உங்கள் புதுப் பாட்டில்.

அப்புறம் இரண்டிலும் இரண்டு ஸ்பூன் ஐஸ் தண்ணீர் விட்டேன். பழையது ஒரு நிமிஷத்தில் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி லேசாக மங்கியது, புதியது கண்ணாடி மாதிரித் தெளிவாகவே நின்றது. பழைய பாட்டிலில் ஆல்கஹால் 46 சதவீதம். தானியத்திலிருந்து வந்த எண்ணெய்ச் சத்தை வடிகட்டி எடுக்காமல் விட்டிருந்தால், தண்ணீர் சேர்த்து அந்த அளவுக்குக் கீழே இறக்கும்போது இப்படி மங்கும், அதை உங்கள் தம்பியே சொல்லியிருக்கிறார். புதிய பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் 42.8 என்று இருந்தது.

அப்போதுதான் இரண்டு பின் லேபிளையும் டார்ச் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பழையதில் சேர்மானம் என்று போட்டிருப்பது ரை ஸ்பிரிட், பார்லி மால்ட் (முளைகட்டிய பார்லி) ஸ்பிரிட், தண்ணீர், அவ்வளவுதான். புதியதில் முதலில் வருவது கிரெயின் நியூட்ரல் ஸ்பிரிட். அதற்குப் பிறகுதான் ரை ஸ்பிரிட், மால்ட் ஸ்பிரிட், தண்ணீர், கடைசியில் 150ஏ, அதாவது கேரமல் நிறம். எறும்பு அளவு எழுத்து. முகப்பில் மட்டும் 'ரை மிகுந்தது' கட்டைவிரல் உயரத்துக்கு அப்படியே நிற்கிறது.

நியூட்ரல் ஸ்பிரிட் என்பது 96 சதவீதம் வரைக்கும் வடித்தெடுத்த சரக்கு. அந்த உயரத்துக்குப் போன பிறகு அது சோளத்தில் வந்ததா, நொய்யரிசியில் வந்ததா, ரையில் வந்ததா என்று நாக்குக்குத் தெரியாது, ஏனென்றால் அதில் தானியத்தின் வாசனையே மிஞ்சாது. அமெரிக்காவில் ஒரு பாட்டிலில் ரை விஸ்கி என்று எழுத வேண்டுமானால் ஊறலில் குறைந்தது 51 சதவீதம் ரை இருக்க வேண்டும், 80 சதவீதத்துக்கு மேல் வடிக்கக் கூடாது, உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். அந்தச் சட்டம் இங்கே உங்களைக் கட்டாது, எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் இந்த 51 சதவீதக் கதையை எழுதி வைத்து, அதைவிட நாங்கள் அதிகம் சேர்க்கிறோம் என்று பெருமையாகச் சொன்னது நீங்கள்தானே?

இதையெல்லாம் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று வாரம் முன்பே மெயிலில் எழுதினேன். ருசி ஆளுக்கு ஆள் மாறும், சிறிய அளவில் செய்வதால் பேட்சுக்கு பேட்ச் வித்தியாசம் வருவது இயல்பு என்று நாலு வரியில் பதில் வந்தது. பேட்ச் வித்தியாசத்தை நான் குறை சொல்லவே இல்லை. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு இரண்டு சதவீதம் ஆவியாகப் போகிறது என்றால் நம் ஊரில் பத்துக்கு மேல் போகிறது, ஒரு கோடைக்கும் அடுத்த கோடைக்கும் நடுவில் ருசி மாறத்தான் செய்யும், சின்ன இடத்தில் வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பேட்ச் மாறினால் ருசி மாறும், சேர்மானப் பட்டியலில் புதிதாக ஒரு சரக்கு முதல் இடத்தில் வந்து உட்காராது. அதை யாரோ முடிவு செய்துதான் செய்திருக்கிறார்கள்.

ரை விலை ஏறியிருக்கலாம், கப்பல் கூலி ஏறியிருக்கலாம், அந்த ஊறலோடு போராடி உங்கள் ஆட்கள் அலுத்திருக்கலாம். விலையை 5,000 ஆக்கியிருந்தால் நான் கொடுத்திருப்பேன். எனக்கு ஆறாதது வேறு. மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்துக்கு நிறம் ஏற்றி விஸ்கி என்று விற்கிறவர்கள் என்று வெளிநாட்டில் நம்மைப் பற்றி ஒரு பேச்சு ரொம்ப நாளாக உண்டு. 2004-ல் பெங்களூரு அம்ருத் டிஸ்டில்லரி தன் சிங்கிள் மால்டை (பார்லி மால்டில் மட்டும் ஒரே டிஸ்டில்லரியில் செய்த விஸ்கியை) ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கொண்டுபோய் இறக்கிய பிறகுதான் அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதைச் செய்தது இந்த ஊர். அதே ஊரில் இருந்துகொண்டு நீங்கள் நியூட்ரல் ஸ்பிரிட்டுக்குக் கேரமல் போட்டு, ரை பெயரை ஒட்டி விற்பது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

எந்தத் தேதியிலிருந்து, எந்த பேட்ச் எண்ணிலிருந்து சேர்மானம் மாறியது, இப்போது பாட்டிலில் ரை எத்தனை சதவீதம் என்று எனக்கு எழுத்தில் சொல்லுங்கள். ஒன்று, ரையைத் திரும்பக் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் முகப்பிலிருந்து அந்த வார்த்தையை எடுங்கள். என் 4,200 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 எனக்குத் தெரியும், உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் லேபிள் படங்களோடு எழுதத் தெரியும், ஆனால் ஊறலை அள்ளிக் காட்டிய இடத்தை முதலில் நேராகக் கேட்பதுதான் முறை என்று நினைக்கிறேன். பதினைந்து நாள் காத்திருப்பேன்.

இரண்டு பாட்டிலின் முன் பின் லேபிள், பேட்ச் எண், கடை பில் எல்லாவற்றையும் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். புதுப் பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. பழையதிலும் ஒரு பெக் மிச்சம் இருக்கிறது, அதை யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். சரக்கைக் கலக்கும் உங்கள் பிளெண்டர் எந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் சரி, இரண்டையும் ஊற்றித் தருகிறேன், அவரே குடித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு