படப்பிடிப்பு நாளில் அல்ல, அதற்கு முன்பே கூப்பிடுங்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம். சென்னையில் இன்டிமசி கோஆர்டினேட்டராகவும், அதாவது உடல் நெருக்கமும் அத்துமீறலும் வரும் காட்சிகளை நடிகர்களின் சம்மதத்தோடு பாதுகாப்பாகத் திட்டமிட்டு ஒத்திகை பார்ப்பவராகவும், தன் உடலையே ஊடகமாக்கிப் பார்வையாளர் முன் நிகழ்த்தும் நிகழ்த்துகலைஞராகவும் வேலை செய்கிறேன். "நம் படங்களில் முத்தக் காட்சியே அபூர்வம், உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். முத்தம் அபூர்வம்தான். ஆனால் பெண்ணைச் சுவரோடு அழுத்தி முந்தானையை இழுக்கும் வில்லன் இருக்கிறான். முதலிரவு இருக்கிறது. நனைந்த புடவையோடு நாள் முழுக்க எடுக்கும் மழைப் பாடல் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் எனக்கு வேலை உண்டு; வன்முறைக் காட்சியில்தான் அதிகம்.

மாடியிலிருந்து குதிக்கும் காட்சி என்றால் ஸ்டண்ட் மாஸ்டர் இல்லாமல் கேமராவை வைக்க மாட்டீர்கள். கயிறு, மெத்தை, ஒத்திகை எல்லாம் தயாராக இருக்கும். பலாத்காரக் காட்சிக்கு மட்டும் "இயல்பாகச் செய்யுங்கள்" என்று சொல்லி விட்டுவிடுகிறீர்கள். எந்தக் கை எங்கே படும் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, எதிரில் நிற்கும் நடிகருக்கும் தெரியாது. அவருக்கும் கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுவேன். உடலின் கோட்டுப்படம் உள்ள தாளில், தொடக்கூடாத இடங்களை அவரவரே சிவப்பில் குறிப்பார்கள். பிறகு நடனத்தைப் போல எண்ணி ஒத்திகை: இரண்டில் மணிக்கட்டு, நான்கில் தோள், ஐந்தில் அவள் முகத்தைத் திருப்புகிறாள். முந்தானைக்கு அடியில் ஊக்குகள், தோல் நிற டேப், இருவர் உடலுக்கும் நடுவே மெல்லிய மெத்தைத் துண்டு. ஷாட் நேரத்தில் வேலை இல்லாத எவரும் தளத்தில் இருக்கக்கூடாது. கூடுதல் மானிட்டர்கள் அணைந்திருக்க வேண்டும். 'நிறுத்து' என்று யார் சொன்னாலும் டேக் அங்கேயே நிற்கும். இதனால் காட்சியின் வீரியம் குறையும் என்று அஞ்சுகிறீர்கள். ஒரு கையால் புடவையைக் காத்துக்கொண்டே நடிப்பவரிடம் என்ன வீரியத்தை எதிர்பார்க்கிறீர்கள்?

1974இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நிகழ்த்துகலைஞர் மரினா அப்ரமோவிச் பார்வையாளர்கள் முன் ஆறு மணி நேரம் அசையாமல் நின்றார். மேசையில் 72 பொருட்கள். எதை எடுத்தும் அவர் உடலில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பது விதி. மென்மையாகத் தொடங்கிய கூட்டம், நேரம் போகப் போக அவர் உடையை வெட்டியது, தோலைக் கீறியது. துப்பாக்கியையும் அவரை நோக்கித் திருப்பியது. நிகழ்த்துகலையில் இருக்கும் நாங்கள் இந்த ஒரு நிகழ்வைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை. அந்த விதியை எழுதியவர் அவரே, பொறுப்பை ஏற்றவரும் அவரே. உங்கள் தளத்தில் நிற்கும் புதுமுகம் எந்த விதியையும் எழுதவில்லை. காலையில் அவர் தலையாட்டியதை மாலை வரைக்குமான சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது; படித்திருப்பீர்கள். தன்னிடம் அத்துமீறியவருக்கே மனைவியாக நடித்து, அவரைக் கட்டியணைக்க வேண்டியிருந்த நடிகையைப் பற்றி அதில் வருகிறது. முகத்தில் வெறுப்பு தெரிந்ததால் ஒரே ஷாட்டுக்கு 17 டேக். அது மலையாளத் திரையுலகம், நமக்கென்ன என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்.பி.ஓ. தன் தொடர்களின் நெருக்கமான காட்சிகளுக்கு எங்களைப் போன்றவர்களை 2018லேயே கட்டாயமாக்கியது. அதைவிடக் குறைவாக நம் நடிகைகள் ஏன் பெற வேண்டும்?

இப்போது எங்களுக்கு அழைப்பு வருவது பெரும்பாலும் படப்பிடிப்பு நாளில்தான், "நடிகை கேரவனை விட்டு இறங்க மறுக்கிறார், வந்து பேசுங்கள்" என்று. சம்மதிக்க வைப்பது என் வேலை அல்ல. அந்த அழைப்புக்கு இனி வர மாட்டேன். கால்ஷீட் பேசும் முன்பே அந்தக் காட்சியின் பக்கங்களை எனக்கும் நடிகர்களுக்கும் கொடுங்கள். உடலில் எது திரையில் தெரியும், எது தெரியாது, யார் எங்கே தொடுவார் என்பதை ஒப்பந்தத்தில் தமிழில் எழுதுங்கள். எழுதியதற்கு மேல் ஓர் அங்குலமும் தளத்தில் கேட்காதீர்கள்.