ழ-வுக்கும் ல-வுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட என் முதிர்வுத் தொகை

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், தஞ்சாவூர் கிளை

பொருள்: பெயர் பொருந்தவில்லை என்று சொல்லி முதிர்வுத் தொகையை நிறுத்திவைத்திருப்பது

ஐயா,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே எஸ்.எம்.எஸ்.தான் வந்தது. அதன்பிறகு ஒரு மெயிலும், நிராகரித்து ஒரு கடிதமும் வந்தன.

2004-ல் உங்களிடம் எடுத்த இன்சூரன்ஸ் பாலிசி சென்ற ஜனவரியில் முடிந்தது. அதில் தமிழ்ச்செல்வி என்ற என் பெயர் ஆங்கிலத்தில் டி, ஏ, எம், ஐ, எல் என்று தொடங்கும். படிவம் நிரப்பிய உங்கள் ஏஜென்ட், தமிழ்நாடு என்று ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லோரும் போடுகிற அதே ஐந்து எழுத்தைப் போட்டார். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் டி-க்குப் பின்னால் ஒரு ஹெச், எல் இருக்க வேண்டிய இடத்தில் இசட்ஹெச். பெயரைச் சரிபார்க்க என் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தீர்கள். வங்கி சொன்ன பெயர் உங்கள் கம்ப்யூட்டருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒரு ரூபாய் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது.

இருபது வருஷம் பிரீமியம் வாங்கியபோது ழ-வும் ல-வும் உங்களுக்கு ஒன்றாகத்தானே இருந்தன?

சித்திரை வெயிலில் மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தேன். நோட்டரி அஃபிடவிட் கொண்டுவந்தால் அன்றைக்கே முடியும் என்று உங்கள் கால் சென்டர் சொல்லித்தான் வந்தேன். பத்தரையிலிருந்து ஒன்றே முக்கால் வரை உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கவுன்ட்டரில் இருந்தவர் அஃபிடவிட்டைப் பிரிக்கவே இல்லை. தலையை நிமிர்த்தாமல், "ஸ்கோர் 75தான் வருது, 80 வேணும். உங்க பேரை உங்களுக்கே ஒழுங்கா எழுதத் தெரியலன்னா நாங்க என்னம்மா பண்றது?" என்றார். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் பெயரிலும் ஒரு ழ இருந்தது. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் அதற்கு எல்தான் போட்டிருந்தது. நான் சொல்லிக்காட்டவில்லை.

உங்கள் பதில் மெயிலில் எடிட் டிஸ்டன்ஸ், சவுண்டெக்ஸ் இரண்டிலும் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் செய்வது உங்களுக்குத் தெரியாததா? கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் மருமகள் மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் பத்து நிமிஷத்தில் கணக்குப் போட்டாள். எடிட் டிஸ்டன்ஸ் என்பது ஒரு பெயரை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைத் தொட வேண்டும் என்று எண்ணுகிற வழி; லெவன்ஷ்டைன் என்ற ரஷ்யர் 1965-ல் சொன்னதாம். என் பெயரில் மூன்று எழுத்தைத் தொட வேண்டும். நீளமான ஸ்பெல்லிங்கில் 12 எழுத்து. 12-ல் மூன்று போக ஒன்பது, ஆக நூற்றுக்கு 75. சரி.

அப்புறம் பாலிசியில் உள்ள பெயரோடு என் தம்பி தமிழ்ச்செல்வனின் பெயரைப் போட்டுப் பார்த்தாள். அவன் எல் போட்டுத்தான் எழுதுவான். 11 எழுத்தில் இரண்டைத் தொட்டால் போதும், 82 வருகிறது. பாஸ்! பூர்வீக வீட்டுத் தகராறில் அவனும் நானும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. உங்கள் கணக்குப்படி என் பாலிசிக்கு என்னைவிட அவன்தான் பொருத்தம்.

சவுண்டெக்ஸ் இன்னும் மோசம். 1918-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் என்பவர் காப்புரிமை வாங்கிய முறை. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, பின்னால் வரும் மெய்யெழுத்துகளுக்கு எண் போடுவது. எல்லுக்கு 4. இசட் போனால் எஸ்ஸோடும் கே-யோடும் சேர்ந்து 2. ழ-வை அந்த ஊரில் யார் கேட்டார்கள்? பாலிசியில் இருக்கும் நான் டி 542, வங்கியில் இருக்கும் நான் டி 524. தம்பியும் டி 542தான். அவன் வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களோ?

டிஹெச்சை டி ஆக்கி, இசட்ஹெச்சை எல் ஆக்கிவிட்டு ஒப்பிட்டால் என் இரண்டு ஸ்பெல்லிங்கும் நூற்றுக்கு நூறு ஒன்று. இரண்டு வரி வேலை என்கிறாள் மருமகள். தமிழ்நாட்டில் கிளை வைத்திருக்கும் உங்களுக்கு இது தோன்றவில்லையா?

நிராகரித்து வந்த கடிதத்தின் உறையில் தமிழில் "டாமில்செல்வி" என்று அச்சடித்திருந்தது. அது யார் என்று எனக்குத் தெரியாது.

இந்தப் பணத்தை நம்பி வளையலை அடகு வைத்தேன். வட்டி, பஸ், நோட்டரி, தையல் வேலை கெட்டது, கவுன்ட்டரில் பட்ட அவமானம் எல்லாம் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. உங்களோடு மல்லுக்கட்ட எனக்கு ஆசையில்லை. 15 நாளுக்குள் தொகையைக் கணக்கில் போட்டுவிட்டால் நன்றியோடு இருப்பேன். இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் தளமான பீமா பரோசாவில் புகார், பிறகு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளர், அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம். கவுன்ட்டர்க்காரர் சொன்னதை அங்கே வார்த்தைக்கு வார்த்தை எழுதுவேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதையும் தயவுசெய்து கவனியுங்கள்.

2004 படிவத்தின் நகலையும் அஃபிடவிட்டையும் இணைத்திருக்கிறேன். அஃபிடவிட்டை இந்தத் தடவையாவது பிரித்துப் பாருங்கள். இந்தக் கடிதத்தையும் சேர்த்து மூன்றிலும் கையெழுத்து தமிழில்தான் இருக்கிறது, ஒரே ஸ்பெல்லிங்கில்.

இப்படிக்கு,
தமிழ்ச்செல்வி
மன்னார்குடி