பரவிவரும் ஆடியோ பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து எங்களிடம் கொலுசு வாங்கும் குடும்பங்களுக்கும், மொத்தமாக எடுத்துப்போகும் வெளியூர்க் கடைக்காரர்களுக்கும் இதை எழுதுகிறோம். அந்த ஆடியோ உங்களில் பலருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். "பழைய கொலுசுல பொடி நிறைய இருக்கும், முழு வெள்ளிக் கணக்கு தர முடியாதுங்க" என்று எங்கள் கடைப் பெண் சொல்வது அரை நிமிடம் ஓடும். பொடி என்பது கொலுசைப் பற்றவைக்கப் போடும் உலோகக் கலவை. குரல் அவருடையதுதான். ஆனால் எந்தக் கொலுசைப் பற்றிச் சொன்னார் என்பது அதில் இல்லை.

அந்த போன் வந்தபோது நான் கல்லாவில் இருந்தேன். கேட்டவர் கையில் இருந்தது வேறு ஊரில் பில் இல்லாமல் வாங்கிய கொலுசு. பற்றவைத்த பொடி எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று உருக்கிப் பார்க்காமல் சரியாகச் சொல்ல முடியாது. அதைத்தான் எங்கள் கடைப் பெண் சொன்னார். அடுத்த வார்த்தையே, "நம்ம கடைக் கொலுசுன்னா பில்லுல என்ன டச் போட்டிருக்கோ அந்தக் கணக்குக்கே எடுத்துக்குவோம்" என்பது. 70 டச் என்று பில் போட்டால் 100 கிராமில் 70 கிராம் வெள்ளி. திரும்பக் கொண்டுவந்தாலும் அதே 70 தான். எங்கள் அப்பா காலத்திலிருந்து இதில் மாற்றமில்லை. அந்த இடத்தில்தான் ஆடியோவை வெட்டியிருக்கிறார்கள்.

எங்களை அதிகம் வருத்தியது வியாபாரம் அல்ல. அந்தப் பெண்ணின் குரல் அவருடைய மாமியார் வீட்டுத் தெரு வரை போய்விட்டது. "நீதானே பொடி கலக்கிற கடை?" என்று பால் வாங்கப் போன இடத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். ஆடி மாதக் கூட்டத்தில் இரவு பத்து மணி வரை நின்று, ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் பேசியவர். அவர் பேச்சில் எந்தத் தவறும் இல்லை என்பதை முதலாளியாக நான் சொல்லியாக வேண்டும்.

போன் செய்தவர் சொல்லாமல் ரெக்கார்டு செய்ததே குற்றம், கேஸ் போடுங்கள் என்று நிறையப் பேர் சொன்னார்கள். அஸ்தம்பட்டியில் எங்கள் வக்கீலிடம் கேட்டோம். பேசும் இருவரில் ஒருவர் தன் பேச்சைத் தானே பதிவு செய்வதைக் குற்றம் என்று சொல்ல நேரடியான சட்டப்பிரிவு இல்லை என்றார். ஒருவர் சம்மதத்தோடு பதிவான போன் பேச்சை 1972-லேயே மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றிருக்கிறது. 2017-ல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதற்குப் பிறகும், கணவன் மனைவி ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பதிவு செய்த பேச்சைக் குடும்ப வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்பது வேறு கதை. அதற்குச் சட்டம் இடம் தராது.

சரி, வெட்டிய ஆடியோவுக்கு என்ன மதிப்பு? பதிவில் கைவைக்கவில்லை, குரல் இன்னாருடையது என்பதெல்லாம் நிரூபணமாக வேண்டும் என்று 1985-லேயே தீர்ப்பு இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் கோர்ட்டில் தர வேண்டும். பேச்சை வெட்டித் திரித்து ஒருவர் பெயரைக் கெடுத்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்குக்கு இடமுண்டு. ஆனாலும் நாங்கள் வழக்குக்குப் போகவில்லை. முழுப் பதிவையும் வெளியிடுங்கள் என்றுதான் அந்த போன் செய்தவரிடம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.

கடையில் விலை கேட்கும்போதோ டச் கேட்கும்போதோ நீங்கள் தாராளமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னும் நிதானமாக விளக்குவோம். எங்கள் பக்கமும் இனி ஆர்டர் போன்கள் பதிவாகும். அதை எடுத்தவுடனே சொல்லிவிடுவோம். தனி மனிதர் தன் சொந்தத் தேவைக்குப் பதிவு செய்வதும் ஒரு கடை வாடிக்கையாளர் பேச்சைச் சேமித்து வைப்பதும் ஒன்றல்ல. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பொறுப்பு கடைக்காரருக்குத்தான். வேண்டாம் என்பவர்கள் நேரில் வரலாம், வாட்ஸ்அப்பில் எழுதியும் கேட்கலாம்.

ஆள் குறைந்திருப்பதால் அறுந்த கொலுசு பற்றவைக்க, சலங்கை மாற்றக் கொடுத்தவர்கள் சில நாள் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி விலை ஏறியதை ஒட்டிச் செய்கூலியிலும் சிறு மாற்றம் உண்டு, கல்லாவில் சொல்வார்கள்.

ஆடியோ வந்த அன்றே, "நாங்க இருபது வருஷமா வாங்குறோம், எங்களுக்குத் தெரியாதா?" என்று போன் செய்த அக்காமார்களுக்கும், ஆர்டரை நிறுத்தாமல் வழக்கம்போல் முன்பணம் அனுப்பிய ஈரோடு, நாமக்கல் கடைக்காரர்களுக்கும் மனதார நன்றி. உங்களை நம்பித்தான் பட்டறையில் அடுப்பு எரிகிறது.

அந்த ஆடியோ மறுபடி உங்கள் குரூப்பில் வந்தால், இந்த மடலையும் அதன் கீழே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்