மழைச் சராசரியோடு திட்டவிலக்கமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவம் தொடங்கிவிட்டால் தங்கள் நெல்லைப் பதிப்பில் மழை அளவுப் பட்டியல் தவறாமல் வருகிறது. பருவம் முடியும்போது 'இயல்பைவிட இத்தனை சதவீதம் கூடுதல்' என்று ஒரு தலைப்பும், பக்கத்து மாவட்டத்தோடு ஓர் ஒப்பீடும் வரும். பட்டியலில் குறை சொல்ல எதுவும் இல்லை, ஒப்பீடுதான் இடறுகிறது. சராசரியிலிருந்து மழை எவ்வளவு விலகியது என்று எழுதுகிறோம். அந்த ஊரில் மழை வழக்கமாகவே எவ்வளவு விலகும் என்பதை, அதாவது திட்டவிலக்கத்தை, எழுதுவதில்லை. அது தெரியாமல் இந்த ஆண்டு விலகியது பெரிதா சிறிதா என்று எப்படிச் சொல்வது?

வானிலைத் துறையின் வகைப்பாட்டில் மாவட்ட மழை இயல்பிலிருந்து 19 சதவீதம் வரை ஏறினாலும் இறங்கினாலும் 'இயல்பு'. 20 முதல் 59 சதவீதம் வரை ஏறினால் 'அதிகம்', அதற்கு மேல் 'மிக அதிகம்'. எல்லா மாவட்டத்துக்கும் இதே அளவுகோல்தான். இதில் எது மறைந்து போகிறது என்பதைப் பார்க்க, கணக்குக்காக இரண்டு ஊர்களையும் ஐந்தைந்து ஆண்டு மழையையும் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, செ.மீ. அளவில், முதல் ஊருக்கு 40, 44, 46, 48, 52. இரண்டாம் ஊருக்கு 19, 37, 46, 55, 73. இரண்டுக்கும் கூடுதல் 230, சராசரி 46.

முதல் ஊரின் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் 46-ஐக் கழித்தால் −6, −2, 0, 2, 6. இவற்றின் கூடுதல் பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால் சராசரியில் பிழை இருக்கிறது அல்லது அதைத் தசமத்தில் வெட்டியிருக்கிறோம், அந்த இடத்திலேயே திரும்பிப் பார்த்துவிடுவது நல்லது. வர்க்கப்படுத்தினால் 36, 4, 0, 4, 36. கூடுதல் 80. ஐந்தால் வகுத்தால் 16, அதன் வர்க்கமூலம் 4. இதுதான் திட்டவிலக்கம். இரண்டாம் ஊருக்கு விலக்கங்கள் −27, −9, 0, 9, 27. வர்க்கங்களின் கூடுதல் 1620, ஐந்தால் வகுத்தால் 324, திட்டவிலக்கம் 18. பத்தாம் வகுப்புப் பாடம்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இப்போது இரண்டு ஊரிலும் ஒரே ஆண்டில் 58 செ.மீ. பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 12 செ.மீ. கூடுதல், அதாவது 26 சதவீதம். இரண்டுக்கும் 'அதிகம்' என்றே பெயர். ஆனால் முதல் ஊரில் அந்த 12 செ.மீ. மூன்று திட்டவிலக்கம். அந்த ஊர்க் குளமும் மடையும் கரையும் பழகாத தண்ணீர். இரண்டாம் ஊரில் அது முக்கால் திட்டவிலக்கம்கூட இல்லை, நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிற மழை. ஒரே தலைப்பில் இரண்டையும் போட்டால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்?

வானிலைத் துறையே பருவ முன்னறிவிப்பில் இதைக் கணக்கில் கொள்கிறது. தென்மேற்குப் பருவத்துக்கு நாடு முழுமைக்குமான நீண்டகாலச் சராசரி, 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுக் கணக்கில், 87 செ.மீ. அதன் திட்டவிலக்கம் ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் 96 முதல் 104 சதவீதம் வரை மட்டுமே 'இயல்பு', 90-க்குக் கீழே போனாலே பற்றாக்குறை. வடகிழக்குப் பருவத்தில் தென் தீபகற்பத்துக்கு 'இயல்பு' என்பது 88 முதல் 112 வரை விரிகிறது. நாடு முழுக்கக் கூட்டும்போது ஓரிடத்து மிகுதி இன்னோரிடத்துக் குறையோடு கழிந்துபோகும். பரப்பு சுருங்கச் சுருங்க அந்தக் கழிவு நடக்காது, திட்டவிலக்கம் பெருகும். மாவட்டத்துக்கு அது இன்னும் பெரிது, ஒரு தாலுகாவுக்கு அதைவிடப் பெரிது. நாட்டின் 10 சதவீதக் குறையையும் நாங்குநேரியின் 10 சதவீதக் குறையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எக்செல்லில் போடுகிறவர்கள் ஓரிடத்தில் கவனிக்க வேண்டும். திட்டவிலக்கத்துக்கு அதில் இரண்டு சூத்திரம் உண்டு. பெயர் 'பி'யில் முடிவது எண்ணிக்கையால் வகுக்கும், 'எஸ்'ஸில் முடிவது எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கும். கையிலிருப்பது மொத்தத் தரவு என்றால் முதலாவது. ஒரு வகுப்பின் எல்லா மாணவர் மதிப்பெண்ணும் அப்படிப்பட்டது. மாதிரி மட்டும்தான் என்றால் இரண்டாவது. பிசானப் பருவ நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுக்கிற பயிர் அறுவடைப் பரிசோதனை மாதிரிதான். ஐந்து ஆண்டு மழையும் அந்த ஊரின் நீண்ட மழை வரலாற்றிலிருந்து எடுத்த மாதிரியே என்பதால், மேலே உள்ள 4-ம் 18-ம் உண்மையில் 4.5, 20.1 ஆகும். ஐம்பது ஆண்டுத் தரவில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஐந்தில் தெரிகிறது. ஓர் ஊருக்கு ஒரு சூத்திரமும் அடுத்த ஊருக்கு மற்றதுமாகப் போட்டு ஒப்பிடுவதுதான் மோசம்.

ஆண்டு எண்ணிக்கைக்கு இன்னொரு வேலையும் உண்டு. சராசரியே எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அறியத் திட்டவிலக்கத்தை ஆண்டு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். இரண்டாம் ஊரின் 20.1-ஐ இப்படி வகுத்தால் ஐந்து ஆண்டில் அது 9 செ.மீ. வருகிறது. ஐந்தாண்டுச் சராசரியை வைத்துக்கொண்டு 'எங்கள் ஊரில் உங்கள் ஊரைவிட 6 செ.மீ. கூடுதலாகப் பெய்யும்' என்று அங்கே யாரும் பந்தயம் கட்ட முடியாது. அதே திட்டவிலக்கத்தோடு 30 ஆண்டு இருந்தால் அது 3.7-க்கு இறங்கும்.

2023 டிசம்பர் போன்ற ஒரு பருவம் தரவுக்குள் வரும்போது என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் அந்த டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மட்டும் 95 செ.மீ. பதிவானது. நம் கற்பனை முதல் ஊரில் ஆறாம் ஆண்டு 112 செ.மீ. பெய்ததாகச் சேர்த்தால் சராசரி 46-லிருந்து 57-க்குத் தாவுகிறது. எண்ணிக்கையால் வகுத்த திட்டவிலக்கம் 4-லிருந்து 25-க்கு அருகே போகிறது. ஆறு ஆண்டில் ஐந்து ஆண்டு 'சராசரிக்குக் குறைவு' ஆகிவிடுகிறது! விலக்கத்தை வர்க்கப்படுத்துவதால் தூரத்து எண் ஒன்று மொத்தக் கணக்கையும் தன் பக்கம் இழுக்கிறது. எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவோ 46-லிருந்து 47-க்குத்தான் நகர்கிறது. அதற்காக 112-ஐத் தூக்கி எறியக் கூடாது, அது பெய்த மழை. அப்படிப்பட்ட தொடருக்கு இடைநிலையையும், வரிசையை நான்கு சம பங்காகப் பிரிக்கும் கால்மானங்களையும் பக்கத்தில் அச்சிட வேண்டும், அவ்வளவே. 'சராசரிக்கு இருபுறமும் இரண்டு திட்டவிலக்கத்துக்குள் 95 சதவீதம் அடங்கும்' என்ற பாடம் இங்கே செல்லாது. அது சராசரியைச் சுற்றி இருபுறமும் சமமாகச் சரியும் மணி வடிவப் பரவலுக்கு உரியது. எந்தப் பரவலுக்கும் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைந்தது 75 சதவீதம் என்பதுதான். தினசரி மழையில் பாதிக்கு மேல் பூஜ்யமாக இருக்கும் மாதத்தில் சராசரியிலிருந்து ஒரு திட்டவிலக்கம் கழித்தால் மழை எதிர்மறையில் வந்து நிற்கும்.

அடுத்து, எந்த விலக்கம் என்பது. மாவட்டத்துக்குள் இடத்துக்கு இடம் மாறுவது ஒன்று, ஓரிடத்தில் ஆண்டுக்கு ஆண்டு மாறுவது வேறு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்ற மலைப்பகுதி மழைமானிகளும் ராதாபுரம், நாங்குநேரி மழைமானிகளும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றைக் கூட்டி வகுத்த 'மாவட்டச் சராசரி' எந்த ஊரிலும் பெய்யாத மழை. மலையில் ஒரு மழைமானி சேர்ந்தாலும் விடுபட்டாலும் அது குதிக்கும். பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் பிரிந்துவிட்டன. குற்றாலச் சாரலும் செங்கோட்டையும் சேர்ந்திருந்த காலத்துத் 'திருநெல்வேலி மாவட்டம்' இன்றைய மாவட்டம் அல்ல. மழைமானி வாரியாகத்தான் ஒப்பிட முடியும்.

மலைக்குச் சராசரி பெரிது, திட்டவிலக்கமும் பெரிதாகவே வரும். அதை ராதாபுரத்தோடு வைத்துப் பார்க்கத் திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கிய மாறுபாட்டுக் கெழு உதவும். ஆனால் பூஜ்யம் உண்மையிலேயே 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் அளவுகளுக்கே அது பொருந்தும். மழைக்குச் சரி, மகசூலுக்குச் சரி. வெப்பநிலைக்குக் கூடாது: சராசரி 30 செல்சியஸ், திட்டவிலக்கம் 2 என்றால் கெழு 6.7 சதவீதம். அதே வெயிலை ஃபாரன்ஹீட்டில் 86-ம் 3.6-மாக எழுதினால் 4.2. அணை நீர்மட்ட அடிக்கும் கூடாது. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, ஆனால் இரண்டின் கொள்ளளவும் ஏறத்தாழ 5,500 மில்லியன் கன அடிதான். அடியைச் சராசரி எடுத்து அணைகளை ஒப்பிடுவதைவிடக் கொள்ளளவில் எத்தனை சதவீதம் என்று எழுதுவது மேல்.

விவசாயிக்கு இது நேரடியாகப் படுகிற இடம் பயிர்க் காப்பீடு. மகசூல் எதற்குக் கீழே இறங்கினால் இழப்பீடு என்று காட்டும் உத்தரவாத மகசூலைக் கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியிலிருந்து கணக்கிடுகிறார்கள். மகசூல் ஏறி இறங்கும் கிராமத்தில் மோசமான இரண்டு ஆண்டு விலகியதும் அந்தச் சராசரி நன்றாக மேலே போகும். தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீர் தடையின்றி வரும் ஊரில் அசையாது. ஏழாண்டுச் சராசரி ஒன்றாகவே இருக்கும் இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு இழப்பீடு வந்து மற்றதற்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

பருவ இறுதிப் பட்டியலில் ஒவ்வொரு மழைமானிக்கும் ஐந்து கட்டம் போதும்: இந்த ஆண்டு மழை, எத்தனை ஆண்டுத் தரவு, சராசரி, திட்டவிலக்கம், இடைநிலை. இடம் போதாவிட்டால் இப்போது போடுகிற சதவீதக் கட்டத்தை எடுத்துவிடலாம். சராசரியும் மழையும் பக்கத்தில் இருக்கும்போது அதை வாசகரே போட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை