தூக்கம் வரவேண்டும் என்று எங்களிடம் வருபவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பினாங்கு லெபோ பாசார் பக்கத்தில் இருக்கும் நம் மசாஜ் கடைக்கு முன்பெல்லாம் முதுகு வலி, கழுத்துப் பிடிப்பு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி இறங்கிய கால்வலி என்றுதான் பெரும்பாலும் வருவீர்கள். இப்போது "அக்கா, ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது" என்று சொல்லி வருபவர்கள் கூடிவிட்டார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், நாள் முழுக்க நின்றபடி கடை பார்ப்பவர்கள், பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போனபின் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாக்கள் என்று எல்லா வகையினரும் இதில் உண்டு. ஒவ்வொருவரிடமும் பேச்சுவாக்கில் அரைகுறையாகச் சொல்வதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறோம்.

மசாஜ் தூக்கத்துக்கு உதவும். அதை நம்பித்தான் இந்தத் தொழிலைச் செய்கிறோம். ஆனால் அது எப்படி உதவுகிறது என்று தெரிந்தால்தான் எப்போது வரலாம், என்ன கேட்கலாம் என்பது உங்களுக்குப் பிடிபடும்.

தூக்கம் வருவதற்கு முன் உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். அந்தச் சூடு வெளியேறும் முக்கியமான வழி உள்ளங்கையும் உள்ளங்காலும். அங்கே ரத்தக் குழாய்கள் விரிந்து தோல் வெதுவெதுப்பானால் உள்ளே இருக்கும் சூடு குறையும். கால் வெதுவெதுப்பாக இருப்பவர்கள் சீக்கிரம் தூங்குகிறார்கள் என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-ல் எழுதினார்கள். ஏர்கோன் அறையில் கால் சில்லிட்டுப் படுத்திருப்பவருக்குக் கண் மூட நேரமாவது இதனால்தான். தூக்கம் கேட்டு வருபவர்களுக்கு நாங்கள் முதுகில் தொடங்கினாலும் பாதத்தில் வந்து முடிப்பதும், அங்கே அதிக நேரம் இருப்பதும் இதற்காகத்தான்.

இன்னொன்று, மெதுவான, சீரான அழுத்தம் நரம்பு மண்டலத்தை ஓய்வுப் பக்கம் திருப்புகிறது. இதயத்துடிப்பு தணிகிறது, மூச்சு வயிற்றுக்கு இறங்குகிறது. எங்கள் கை இதைக் கண்டுகொள்ளும். நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, குதிகாலிலிருந்து கெண்டைக்கால் வரை உள்ளங்கையால் மெல்ல ஏற்றிக்கொண்டு போகும்போது, முதலில் கால்விரல்கள் விறைத்தே நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பாதம் தானாக வெளிப்பக்கம் சாயும். அப்போதுதான் உடம்பு விட்டுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் பாதம் மறுபடி நிமிர்ந்துவிடும். எங்கள் பெண்கள் திடீரென்று பேச்சை நிறுத்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதனால்தான் "நல்லா அழுத்திப் பிடிங்க, அப்பதான் தூக்கம் வரும்" என்று கேட்பவர்களிடம் நாங்கள் மறுத்துப் பேசுகிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும் அழுத்தத்தில் உடம்பு எச்சரிக்கையாகிவிடும். மறுநாள் வலியும் சேரும். தசைப்பிடிப்புக்கு அந்த அழுத்தம் தேவைப்படலாம். அதற்குப் பகலில் வாருங்கள். இரவுத் தூக்கத்துக்கென்றால் மெதுவான கை போதும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று சிலர் கேட்கிறீர்கள். கேட்பது நல்லதுதான். 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இதய நோயோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த முதிய ஆண்களுக்குத் தூங்கப்போகும் நேரத்தில் 6 நிமிடம் முதுகு நீவிவிட்டார்கள். அவர்கள் மற்ற நோயாளிகளைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கினார்கள். வெறும் 6 நிமிடம்! ஆனாலும் இந்தத் துறையில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மசாஜ் செய்தால் மன அழுத்த ஹார்மோன் பாதியாகக் குறைந்துவிடும் என்றெல்லாம் விளம்பரங்களில் வரும். அவ்வளவு பெரிதாகச் சொல்ல ஆதாரம் கிடையாது. நாங்கள் அப்படி எழுத மாட்டோம்.

ஒரே ஒரு முறை வந்துவிட்டுப் பலன் இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். வாரம் ஒரு முறை, முடிந்தால் அதே கிழமை, அதே நேரம் என்று 4 வாரம் வந்து பாருங்கள். உடம்பு பழக்கத்துக்குக் கட்டுப்படும். எழும் நேரத்தையும் ஒழுங்காக வைத்துக்கொண்டால் மாற்றம் இன்னும் நன்றாகத் தெரியும். தூங்கும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு மசாஜ் முடிவது நல்லது. வீட்டுக்குப் போய் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துவிட்டுப் படுக்கலாம். போகும் வழியில் மாமாக் கடையில் உட்கார்ந்து கோப்பி ஓ குடித்துவிட்டால் மட்டும் எங்கள் வேலை வீண்தான். காப்பியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும்.

நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் அக்கரையில் பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் குடியிருப்பவர்கள். இரவெல்லாம் விழித்து, இங்கே உடம்பு தளர்ந்து, அப்படியே மோட்டாரில் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைக் கடந்து போவதை நினைத்தாலே எங்களுக்குப் பதறுகிறது. தயவுசெய்து ஷிப்ட் இல்லாத நாளில் வாருங்கள். இல்லையென்றால் யாரையாவது வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள். பகலில் தூங்கும் அறைக்குக் கனமான திரை போடுவது, வீடு போகும் வரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது, இரண்டுமே மசாஜ் அளவுக்கு முக்கியம்.

சிலரை நாங்கள் முதலில் டாக்டரிடம் அனுப்புவோம். வருமானம் போனாலும் சரி. பலத்த குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்கு மசாஜ் மருந்தாகாது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயா என்று பார்க்க வேண்டும். வாரத்தில் 3 இரவுக்குக் குறையாமல், 3 மாதத்துக்கும் மேலாகத் தூக்கம் கெட்டிருந்தால் அதற்கென்று பேச்சு வழியிலான சிகிச்சை இருக்கிறது. மாத்திரைக்கு முன் மருத்துவ உலகம் பரிந்துரைப்பது அதைத்தான். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதில் நாங்கள் கை வைக்கவே மாட்டோம், ரத்தக்கட்டாக இருக்கலாம். அப்புறம் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. 2019-ல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்குப்படி நம் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது; எண்ணெயோ வெந்நீரோ சுட்டாலும் உணரமாட்டார்கள். வந்தவுடன் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலும் அப்படியே.

மசாஜ் செய்துகொள்வதை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். கெப்பாலா பத்தாஸ் அரசாங்க மருத்துவமனையிலேயே 2007 முதல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு இயங்குகிறது, அங்கே மலாய் மசாஜும் உண்டு. கேட்டால் டாக்டர்கள் திட்டமாட்டார்கள்.

மற்ற 6 நாளும் வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள். படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு பாதத்துக்கு 5 நிமிடம். கட்டைவிரலால் உள்ளங்கால் குழியை மெல்ல வட்டமாக நீவுங்கள், பிறகு ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிவரை இழுத்து விடுங்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்து நடக்க வேண்டும், டைல்ஸ் தரையில் வழுக்கும். வயதான அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகளே செய்துவிடலாம். பழக வேண்டுமென்றால் அழைத்து வாருங்கள், காட்டித் தருகிறோம், அதற்குக் காசு கிடையாது.

மாலை 7 மணி, 8 மணி இடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடுகின்றன. முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். எடுக்கும் மாத்திரைகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் மசாஜ் நிலையத்தார்
ஜார்ஜ் டவுன், பினாங்கு