கயலுக்கு, ஓவர்ஹெட் பேனல் பற்றி

கயலு,

நீ வீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிற 737 விமான சிமுலேட்டரை எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்தோம். நான் பல தடவை பார்த்தேன். அம்மா ஒரே தடவை பார்த்துவிட்டு "பிள்ளை இளைச்சுப் போயிருக்காளே" என்றாள், வீடியோவில் கை மட்டும்தானே வருகிறது என்று சொன்னால் கையைப் பார்த்தாலே தெரியாதா என்கிறாள். நான் கையைப் பார்க்கவில்லை, கைக்குப் பின்னால் இருந்த வயரிங்கைத்தான் பார்த்தேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோபைலட்டுக்கான எம்சிபி பேனல் பிரமாதம். வெள்ளை அக்ரிலிக்கில் சாம்பல் பெயின்ட் அடித்து, எழுத்து வரும் இடத்தை மட்டும் செதுக்கியெடுத்து, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்திருக்கிறாய், ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. இறக்கை மடலை இறக்குகிற ஃபிளாப் லீவரில் 1-லும் 15-லும் கை தட்டி நிற்கிற மாதிரி தடுப்பு வைத்திருப்பதைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இறங்க வந்த விமானம் இறங்காமல் மறுபடி மேலே ஏற வேண்டி வந்தால் அவசரத்தில் லீவரை அளவுக்கு மீறித் தள்ளிவிடக் கூடாது, அதற்காகத்தான் நிஜ 737-இல் அந்தத் தடுப்பு. வேறு யாராவதாக இருந்தால் ஒன்பது நிலைக்கும் ஒரே மாதிரி பள்ளம் வெட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சக்கரத்தை ஏற்றி இறக்குகிற கியர் லீவருக்கும் மேல், கீழ், நடுவில் ஆஃப் என்று மூன்று நிலை சரியாக இருக்கிறது. எடுத்த காரியத்தை அரைகுறையாக விடும் பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. வீட்டுக்கு இரண்டு வரி எழுதுவதைத் தவிர.

இப்போது தலைக்கு மேல் வருகிற ஓவர்ஹெட் பேனலுக்கு வருகிறேன். ஸ்விட்சுகளை மேட்ரிக்ஸாக, குறுக்கே ஒரு வயரும் நெடுக்கே ஒரு வயரும் சந்திக்கிற இடத்தில் ஒரு ஸ்விட்ச் என்று கட்டம் கட்டமாகக் கோத்திருக்கிறாய். ஸ்விட்சுகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஆர்டுயினோ மெகா போர்டில் இருப்பதே 54 டிஜிட்டல் பின், அத்தனை ஸ்விட்சுக்கும் தனித்தனியாக வயர் இழுக்க முடியாதுதான், 8-க்கு 8 என்று போட்டால் 16 வயரில் 64 ஸ்விட்ச் முடிந்துவிடும். ஆனால் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோடு எங்கே? வீடியோவை நிறுத்தி நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன், ஒன்றைக்கூடக் காணோம். டயோடு இல்லாத மேட்ரிக்ஸில் ஒரு கட்டத்தின் மூன்று மூலையில் உள்ள ஸ்விட்ச் ஆனில் இருந்தால் போதும், கரண்ட் சுற்றிக்கொண்டு வந்துவிடும், நாலாவது மூலையும் ஆனில்தான் இருக்கிறது என்று போர்டு நம்பிவிடும். அழுத்திவிட்டுக் கையை எடுக்கிற பட்டனாக இருந்தால் பரவாயில்லை, மூன்றும் ஒரே நேரத்தில் அழுந்துவது அபூர்வம். உன்னுடையது டாகிள், போட்டால் போட்டபடி நிற்கும். ஃபியூயல் பம்புக்கு மட்டுமே ஆறு ஸ்விட்ச் இருக்கிறது. நீ அணைத்த பம்ப் அணையாது, தொடாத விளக்கு எரியும், நீ சாஃப்ட்வேரில்தான் கோளாறு என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுவாய். ஒவ்வொரு ஸ்விட்சோடும் ஒரு 4148 டயோடு போடு, கறுப்புக் கோடு எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இருக்கட்டும். பேனலை மூடுவதற்கு முன்னால் போடு. மூடிவிட்டால் மறுபடி திறக்க உனக்கு மனசு வராது, உன்னை எனக்குத் தெரியும்.

ராத்திரி என்றதும் ஞாபகம் வருகிறது. பவர் சப்ளையை ஆனில் விட்டுவிட்டுத் தூங்காதே. எம்டிஎஃப் பலகை, பெயின்ட், அதற்குள் கட்டுக்கட்டாக வயர், எல்லாம் எரிகிற சாமான். பேக்லைட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்காமல் தனி சப்ளை வைத்தது சரி. ஒரு எல்இடிக்கு 20 மில்லிஆம்ப் வைத்தாலும் நூறு எல்இடிக்கு 2 ஆம்ப் ஆகிவிடும், யுஎஸ்பி 2.0 போர்ட்டிலிருந்து கிடைப்பது 500 மில்லிஆம்ப்தான். ஆனால் அந்த சப்ளைக்கு எர்த் கொடுத்தாயா? ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனி ஃபியூஸ் போட்டாயா? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது ஆர்டுயினோ வழியாக என்றால் இரண்டின் கிரவுண்டையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு இஷ்டத்துக்கு மினுக்கும். சால்டர் வைக்கும்போது ஜன்னலைத் திறந்து வை. எம்டிஎஃப் அறுக்கும்போது முகமூடி போடு, அந்தத் தூள் நல்லதில்லை.

பேனலில் கடிகாரமும் ஓடுகிறதே, நிமிஷம்கூடச் சரியாக. யூடிசியில் வைத்திருக்கிறாய், விமானத்தில் எங்கே போனாலும் அந்த ஒரே நேரம்தான் என்று அம்மாவுக்கு விளக்கினேன். அப்படியானால் அவள் ஊரில் அப்போது என்ன நேரம் என்று கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை. லீவு போட்டிருப்பாள் என்று சொன்னேன். அதற்கு முந்தின வீடியோவிலும் ஜன்னலில் நல்ல வெயில். லீவுதான், சேர்ந்திருந்திருக்கும், எடுக்க வேண்டியதுதானே. உன் சித்தப்பா போனவாரம் கூப்பிட்டு, கயல் இன்னும் அதே கம்பெனியில்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஏன் கேட்டார் என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, த்ராட்டில். தள்ள ஆரம்பிக்கும்போது இன்ஜின் அசையவே மாட்டேன் என்கிறது, கடைசியில் ஒரேயடியாகத் தூக்குகிறது, கேலிப்ரேட் செய்தும் சரியாகவில்லை என்றாய். நீ போட்டிருப்பது ஆம்ப்ளிஃபையர் வால்யூமுக்குப் போடுகிற பொட்டென்ஷியோமீட்டராக இருக்கும். காது சத்தத்தைக் கேட்கிற விதத்துக்காக அதை லாக் முறையில் செய்கிறார்கள், முதல் பாதி சுற்றுக்கு மதிப்பு கொஞ்சம்தான் ஏறும். உனக்கு வேண்டியது ஒரே சீராக ஏறுகிற லீனியர். பெரும்பாலும் ஏ என்று போட்டிருந்தால் லாக், பி என்றால் லீனியர், ஆனால் பழைய சரக்கில் இது தலைகீழாகவும் இருக்கும், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போடு. என் டப்பாவிலிருந்து நீ எடுத்துப் போனதாக இருந்தால் நிச்சயமாக லாக்தான். காந்தத்தை உணர்கிற ஹால் சென்சாருக்கு மாறினால் இன்னும் நல்லது, காந்தம்தான் நகரும், ஒன்றோடொன்று உரசாது, அதனால் தேய்மானம் இல்லை. ஆனால் இப்போதே இன்னொன்று வாங்காதே. இருக்கிறதை வைத்துக்கொண்டு பார். செலவைப் பற்றிச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

எட்வின் லிங்க் என்பவரைப் பற்றிப் படித்தேன், உனக்கு முன்னமே தெரிந்திருக்கும். அப்பாவின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆள். ஆர்கனுக்குக் காற்று ஊதுகிற துருத்தியை வைத்தே 1929-இல் தரையில் நின்றபடி சாய்ந்து திரும்புகிற விமானம் செய்துவிட்டார். ஆரம்பத்தில் அதைக் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்தான் வாங்கினார்கள். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகக் கிளம்பி மேகத்தில் மாட்டி அடுத்தடுத்து விழுந்து செத்த பிறகுதான் ராணுவம் அவரைத் தேடி வந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ இதையே தொழிலாக எடுக்கிற யோசனையில் இருந்தால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பேனல் செய்து கேட்கிறவர்களுக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள், உன் வேலை அவர்களுடையதற்குக் குறைந்ததில்லை. ஆனால் அப்படி யோசனை இருந்தால் இருக்கிற வேலையை வைத்துக்கொண்டு... சரி, அது உன் இஷ்டம். வெறும் ஆசைக்காகச் செய்கிறாய் என்றாலும் ஆட்சேபம் இல்லை.

பட்டறை மூடின வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டில் கெட்டுப்போன சாமான் ஒன்று பாக்கியில்லாமல் நான் பிரித்துச் சரி செய்தேன், அது தீர்ந்ததும் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவையும் பிரித்தேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து திருகாணிகளை மூடியில் போட்டு வைத்துக்கொண்டிருந்தாய். அம்மா அப்போது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் உன்னிடம் எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அதனால்தான் நான் வயரிங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஓவர்ஹெட்டைக் கூரையிலிருந்து தொங்கவிடாதே. எம்டிஎஃப், ஸ்விட்ச், வயர் எல்லாம் சேர்ந்தால் நல்ல கனம், அதற்கு நேர் கீழே உன் தலை. தரையிலிருந்து சட்டம் எழுப்பி அதில் பூட்டு. இடைவெளியை முடிவு செய்வதற்கு முன் சீட்டில் உட்கார்ந்து பார், சீட்டை ஏற்றி இறக்கிக் கண்மட்டம் சரியாக வந்த பிறகு அளவெடு, நிற்கும்போது அளவெடுக்காதே. வயருக்கு இரண்டு முனையிலும் நம்பர் ஒட்டு. ஒரு முனையில் மட்டும் ஒட்டிவிட்டு மறுமுனை ஞாபகத்தில் இருக்கும் என்று விட்டுவிடாதே.

பறக்கும்போது நடுவில் பேனல் செத்துப்போய் மறுபடி வருகிறது என்றாயே, விண்டோஸில் யுஎஸ்பியைத் தூங்கவைக்கிற பவர் செட்டிங் ஒன்று இருக்கிறது, முதலில் அதை அணைத்துப் பார். அப்புறம் ஹப்பைச் சந்தேகப்படலாம். இரண்டும் இல்லை என்றால் சால்டர் ஜாயின்ட், ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும்.

துணை விமானி உட்கார்கிற வலது சீட்டுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். செக்லிஸ்ட் வாசிக்க ஆள் வேண்டுமானால் நான் போனிலிருந்தே வாசிக்கிறேன், நீ ஒவ்வொன்றாகப் போட்டுப் பதில் சொல்லிக்கொண்டே வா, அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பாள். மேட்ரிக்ஸ் படத்தைத் தாளில் வரைந்து அனுப்பு, எந்த டயோடு எங்கே என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். நேரில் வந்துதான் பார்க்க வேண்டும் என்றால் வருகிறேன், எனக்கு இங்கே தலைபோகிற வேலை ஒன்றுமில்லை.

எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. வேலைநாளில் பகல் பதினொன்றரைக்குக் கூப்பிட்டாலும் என்ன இந்த நேரத்தில் என்று கேட்க மாட்டேன்.

அப்பா